ஒரு குடும்பம், இரண்டு வகைப் பாஸ்: டார்ட்முண்டிலிருந்து வெனிஸ், வியன்னா வரை ஒரு ரயில் கணக்கு

மதுரையிலிருந்து பெற்றோர் இருவர்: அப்பாவுக்கு 62 வயது, அம்மாவுக்கு 58. மகளுக்கு 24, ஜெர்மனியின் டார்ட்முண்டில் முதுகலை படிக்கிறாள். 2025 ஜூனில் மூவரும் சேர்ந்து பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், வியன்னா பார்த்துவிட்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் பெற்றோரை விமானம் ஏற்றுவதாகத் திட்டம். பதினெட்டு நாள். அதில் ஊர் விட்டு ஊர் போகிற நாள்கள் ஏழுதான். இந்தப் பயணத்துக்கு ரயில் பாஸ் எடுப்பதா, தனித்தனிச் சீட்டா, பாஸ் என்றால் எது என்பதை முடிவு செய்யும் வேலையில் நானும் உட்கார்ந்திருந்தேன். கணக்குத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐரோப்பா போகிற தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதே முடிச்சில்தான் மாட்டுகின்றன என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

அப்பாவின் முதல் கேள்வி, எல்லோரும் கேட்பதுதான்: "ஏம்மா, பாஸ் வாங்கிட்டா எந்த ரயில்லயும் ஏறிக்கலாம்ல?" பாதி ரயில்களில் ஏறிக்கொள்ளலாம். மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

பாஸ்போர்ட் இல்லை, முகவரி

வெளிநாட்டாருக்கான யூரெயில் பாஸ் 1959-இல் 13 நாடுகளோடு தொடங்கியது. ஐரோப்பிய இளைஞர்களுக்கான இன்டர்ரெயில் 1972-இல் வந்தது. அப்போது 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். இன்று இரண்டையும் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் உள்ள ஒரே நிறுவனம் நடத்துகிறது. இரண்டின் குளோபல் பாஸும் 33 நாடுகளில் செல்லும். விலையும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம், வாங்குபவர் எங்கே குடியிருக்கிறார் என்பதில் மட்டும்.

இங்கேதான் முதல் குழப்பம். மகள் இந்தியக் குடிமகள், கையில் இந்தியப் பாஸ்போர்ட். ஆனால் அவள் ஜெர்மனியில் குடியிருப்பு அனுமதியோடு வசிக்கிறாள். ஆகவே அவளுக்கு யூரெயில் கிடையாது, இன்டர்ரெயில்தான். பெற்றோர் மதுரையில் வசிப்பதால் யூரெயில். ஒரே குடும்பம், ஒரே பெட்டி, ஒரே இருக்கை வரிசை, ஆனாலும் இரண்டு பாஸ். மூவருக்கும் சேர்த்து ஒரே கையில் வாங்கிவிடலாம் என்று நினைத்தால் அங்கேயே தவறு நடக்கும். பாஸில் ஏறுவது பெயரும் வசிக்கும் நாடும். பரிசோதகர் கேட்டால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

இன்டர்ரெயிலில் இன்னொரு கொக்கி உண்டு. வசிக்கும் நாட்டுக்குள் அதை இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. நாட்டை விட்டு வெளியேற ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். பெற்றோருக்கு ஜெர்மனி முழுக்கத் திறந்திருக்கும்போது, ஜெர்மனியிலேயே வசிக்கும் மகளுக்கு இரண்டு முறை மட்டும். இதைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார்.

விசா, காலண்டரைத் தின்ற கதை

தனித்தனிச் சீட்டா பாஸா என்பதை இணையத்தில் பலரும் விலையைக் கூட்டிப் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கூட்டலில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரின் காலண்டர் சேர்வதில்லை.

ஐரோப்பிய ரயில் கட்டணம் நம் ஊர் ரயில் கட்டணம் போல நிலையானதில்லை. பெரும்பாலான நெடுந்தொலைவு ரயில்களில் விமானக் கட்டணம் போல ஏறும். மாதங்களுக்கு முன்பே மலிவு விலைச் சீட்டுகள் திறக்கும். பாரிஸ்–சூரிச், வெனிஸ்–வியன்னா, வியன்னா–மியூனிக் போன்ற தடங்களில் அவை 30 யூரோவை ஒட்டித் தொடங்கும். ஆனால் அந்த மலிவுச் சீட்டு குறிப்பிட்ட ரயிலோடு கட்டுண்டது. பெரும்பாலும் பணம் திரும்பாது, திரும்பினாலும் கைக்கு வருவது கொஞ்சம்தான்.

ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் முடிவுக்கு வழக்கமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள்வரை நீளலாம். அது காகிதக் கணக்கு. விண்ணப்பம் கொடுக்க விசா மையத்தில் நாள் கிடைப்பதுதான் உண்மையான காத்திருப்பு. இந்தக் குடும்பத்துக்கு ஏப்ரல் பிற்பகுதியில்தான் நாள் கிடைத்தது. முத்திரை விழுந்த பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது பயணத்துக்கு மூன்று வாரம் பாக்கி. அதற்குமுன் திரும்பாத சீட்டுகளை வாங்கிக் குவிக்க அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வூதியத்தில் வரும் பணம். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஒரு நபருக்கு, ஏழு பயண நாளுக்கு, இரண்டாம் வகுப்பில் நாங்கள் போட்ட தோராயக் கணக்கு இப்படி நின்றது. மூன்று நான்கு மாதம் முன்பே எல்லாச் சீட்டையும் வாங்கியிருந்தால் 300 யூரோவை ஒட்டி முடிந்திருக்கும். விசா வந்த பிறகு, மூன்று வாரம் முன்பு பார்த்தபோது அதே சீட்டுகள் 550-ஐத் தொட்டன. அப்போதும் ரயிலோடு கட்டுண்ட சீட்டுதான். எந்த ரயிலிலும் ஏறக்கூடிய முழு விலைச் சீட்டு என்றால் 700-க்கு மேல். ஒரு மாதத்துக்குள் ஏழு பயண நாள் தரும் குளோபல் பாஸ் 380 யூரோவை ஒட்டி. அதோடு கட்டாய முன்பதிவுகளுக்கு 90 யூரோ அளவில் வேறு. ஆக 470.

ஆறு மாதம் முன்பே தேதியை உறுதி செய்யக்கூடிய ஜெர்மானியர் ஒருவருக்கு இந்தப் பாஸ் நஷ்டம். மூன்று வாரம் முன்பு விசா வாங்கிய மதுரைக்காரருக்கு லாபம். பயன்படுத்தத் தொடங்காத சாதாரணப் பாஸைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள் என்பதும் விசாவுக்குக் காத்திருப்பவருக்குப் பெரிய விஷயம். தள்ளுபடிக் காலத்தில் விற்கும் பாஸ்களுக்கு விதி வேறாக இருக்கலாம். வாங்கும்முன் அந்த வரியை மட்டுமாவது படித்துவிட வேண்டும்.

பாஸ் விற்பது மலிவான பயணத்தை இல்லை. முடிவைத் தள்ளிப்போடும் உரிமையை. தள்ளிப்போட வேண்டிய நிலையில் இல்லாதவர் அதற்குப் பணம் கொடுப்பானேன்?

இரண்டு ஐரோப்பா

அந்த உரிமையும் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஷெங்கன் வரைபடத்தை மறந்துவிட்டு வேறொரு கோடு போட்டுப் பார்க்க வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, டென்மார்க் ஒரு பக்கம். இங்கே உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு விருப்பம் மட்டுமே. பாஸ் இருந்தால் ஜெர்மனியின் அதிவேக ரயிலான ஐசிஇ-யிலும் ஏறிக் காலியான இருக்கையில் உட்காரலாம். இன்னொரு பக்கம் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின். இங்கே அதிவேக ரயில்களில் முன்பதிவு கட்டாயம். பாஸ் வைத்திருப்பவரும் தனிக் கட்டணம் கட்டி இருக்கை வாங்க வேண்டும். இத்தாலியின் ஃப்ரெச்சாரோசாவில் அது 2025-இல் 13 யூரோ. பிரான்சுக்குள் ஓடும் டிஜிவி-க்குப் பத்திலிருந்து இருபது. எல்லை தாண்டும் யூரோஸ்டார், பாரிஸ்–சூரிச் ஓடும் டிஜிவி லிரியா போன்றவற்றில் 30 யூரோ அளவுக்கு ஏறும்.

பணம்கூடப் பரவாயில்லை. யூரோஸ்டார், லிரியா ரயில்களில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் குறைவு; அவை தீர்ந்தால் பெட்டி காலியாக ஓடினாலும் பாஸுக்கு இடமில்லை. நம் ஊர் காத்திருப்புப் பட்டியல் அங்கே கிடையாது. கோட்டாவில் இல்லையென்றால் முழுச் சீட்டு, அல்லது வேறு வழி.

இந்தக் குடும்பத்துக்கு அதுதான் நடந்தது. கொலோன்–பாரிஸ் யூரோஸ்டாரில் அவர்கள் தேதிக்குப் பாஸ் இருக்கை தீர்ந்திருந்தது. மகள் பாஸ்காரர்களுக்கான ரயில் பிளானர் செயலியில் துழாவி, டார்ட்முண்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய் அங்கிருந்து பாரிஸுக்கு நேர் ரயில் பிடிக்கும் வழியைக் கண்டுபிடித்தாள். அதிலும் முன்பதிவு கட்டாயம், ஆனால் இடம் இருந்தது. கொலோனிலிருந்து மூன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக முடிய வேண்டிய பயணம் அரை நாளை விழுங்கியது. கொலோனுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் இடையில் ரயில் 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதைத் திரையில் பார்த்துப் படம் பிடித்த அப்பாவுக்கு மட்டும் வருத்தமே இல்லை.

பாரிஸிலிருந்து சூரிச் போகும் வழியில் எங்களுக்கு ஒரு சூட்சுமம் கிடைத்தது. லிரியாவை விட்டுவிட்டோம். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்வரை உள்நாட்டு டிஜிவி. ஒன்றே முக்கால் மணி நேரம், முன்பதிவும் மலிவு. ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து சுவிஸ் எல்லையிலுள்ள பாசல்வரை பிரெஞ்சு வட்டார ரயில், முன்பதிவே இல்லை. பாசலிலிருந்து சூரிச் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. எந்த ரயிலிலும் ஏறலாம். எல்லை தாண்டும் அதிவேக ரயிலை இரண்டாக உடைத்து, எல்லையை மட்டும் வட்டார ரயிலில் கடந்தால் கட்டணமும் கோட்டாத் தொல்லையும் குறையும். பெட்டி தூக்கிக்கொண்டு இரண்டு முறை மாற வேண்டும் என்பது இதன் விலை. முழங்கால் வலிக்காரர் உடன் வந்தால் இந்தச் சேமிப்பை நான் சொல்ல மாட்டேன்.

ஒரு நாளின் விலை

380-ஐ ஏழால் வகுத்தால் ஒரு பயண நாள் 54 யூரோ. இந்த எண்ணை மகள் தன் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். 54-க்குக் குறைவான எந்தப் பயணத்துக்கும் பாஸைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

பெற்றோர் வந்த முதல் வாரத்தில் ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனார்கள். டார்ட்முண்டிலிருந்து வட்டார ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. இலங்கைத் தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்குக் கண்ட கோபுரக் கோயில். அப்பா பாஸைத் தொடங்கலாமா என்று கேட்க, மகள் உள்ளூர்ச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அதுவும் வேண்டாம். ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் போகக்கூடிய டாய்ச்லாண்ட் டிக்கெட் 2025-இல் மாதம் 58 யூரோ. அதன் மாணவர் வடிவம் இன்னும் மலிவு, அவளிடம் ஏற்கெனவே இருந்தது. ஐசிஇ போன்ற நெடுந்தொலைவு ரயில்களில் மட்டும் அது செல்லாது.

இதனால் அவளுடைய பாஸை வேறு மாதிரி வெட்டினோம். 27 வயதுவரை இளைஞர் விலை. பெரியவர் விலையில் கால் பங்கு குறையும். பெற்றோர் போலவே ஏழு நாள் எடுத்தால் கடைசி இரண்டு நாளும் சிக்கல். வியன்னாவிலிருந்து மியூனிக் வந்துவிட்டால் அவள் நாடு திரும்பும் பயணம் அங்கேயே செலவாகிவிடும். மறுநாள் மியூனிக்–ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பாஸ் உதவாது. ஆகவே ஐந்து நாள் பாஸ், 240 யூரோவை ஒட்டி. வியன்னாவிலிருந்து சால்ஸ்பர்க்வரை தனியார் நிறுவனமான வெஸ்ட்பானில் மலிவுச் சீட்டு. சால்ஸ்பர்க் நிலையம் ஆஸ்திரியாவில் இருந்தாலும் டாய்ச்லாண்ட் டிக்கெட் அதுவரை செல்லும். அங்கிருந்து மியூனிக்வரை வட்டார ரயிலில் அவளுக்கு இலவசம் மாதிரிதான். பெற்றோரின் யூரெயில் வெஸ்ட்பானிலும் செல்லும் என்பதால் மூவரும் சேர்ந்தே வந்தார்கள். மியூனிக்–ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மட்டும் அவளுக்குத் தனிச் சீட்டு. எல்லாம் சேர்த்து அவளுக்கு 400 யூரோவை ஒட்டி ஆனது. அப்பாவுக்கு 60 வயது தாண்டியதால் பத்து சதவீதத் தள்ளுபடி. அம்மாவுக்கு இரண்டு வருடம் போதவில்லை.

சுவிட்சர்லாந்தில் ஒரு சறுக்கல்

விளம்பரப் படத்தில் பனிமலை ரயிலைப் பார்த்துவிட்டு யூரெயில் வாங்குபவர்கள் ஏமாறுவது சுவிட்சர்லாந்தில்தான். லூசர்ன்–இண்டர்லாக்கன் ஏரிக்கரைத் தடம் பாஸில் அடங்கும். இண்டர்லாக்கனைத் தாண்டி யுங்ஃபிராவ் பக்கம் ஏறினால் தள்ளுபடி மட்டுமே. 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் நிலையத்துக்குக் கொடுக்கும் கட்டணம், பாஸின் இரண்டு மூன்று நாள் விலையை விழுங்கிவிடும்.

சுவிஸ் நாட்டுக்குள்ளேயே நான்கைந்து நாள் சுற்றுபவருக்கு வேறு பாஸ் உண்டு: சுவிஸ் டிராவல் பாஸ். மூன்று நாளுக்கு 244 பிராங்க், நான்கு நாளுக்கு 295 என்று 2025-இல் விற்றது. நாள் கணக்கில் யூரெயிலைவிட விலை கூடுதல். ஆனால் அதில் நகர டிராம், ஏரிப் படகு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள், ரீகி மலை ரயில் எல்லாம் அடக்கம். பல மலை ரயில்களில் பாதி விலை. அம்மாவுக்குப் பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. அதற்கு ஒரு நாள் போதும். அதனால் சுவிஸ் பாஸை ஒதுக்கிவிட்டு, யூரெயிலில் ஒரு பயண நாள், யுங்ஃபிராவ்யோக்குக்குத் தள்ளுபடிச் சீட்டு என்று முடித்தோம். இரண்டு மலை ஏறுவதாக இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும்.

காட்ஹார்டைச் சுற்றிக்கொண்டு

இந்தப் பயணத்தில் பாஸ் முழுதாகத் தன் விலையைக் கொடுத்த நாள் சூரிச்சிலிருந்து வெனிஸ் போனதுதான். சூரிச்–மிலான் ஓடும் யூரோசிட்டி என்ற பன்னாட்டு ரயில், 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் காட்ஹார்ட் அடித்தளச் சுரங்கம் வழியாக மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். ஜன்னலில் இருட்டுதான். மகள் அதை வேண்டாம் என்றாள். 1882-இல் திறந்த பழைய மலைத்தடத்தில் இன்றும் வட்டார விரைவு ரயில் ஓடுகிறது, முன்பதிவு கிடையாது. ரயில் சுழல் சுரங்கங்களில் சுற்றிச் சுற்றி ஏறுவதால் வாசன் என்ற ஊரின் தேவாலயம் மூன்று முறை, மூன்று உயரங்களில் தெரியும். முதலில் தலைக்கு மேலே, பிறகு நேரே, கடைசியில் காலடியில். இரண்டாம் முறை தெரிந்தபோதே அம்மா, "அதே கோயிலாடி?" என்று கேட்டாராம்.

அந்த ரயிலில் பெல்லின்சோனாவரை. பிறகு லுகானோ, ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் திட்டமில்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள். லுகானோவிலிருந்து மிலான் போகும் யூரோசிட்டிக்கு முன்பதிவு தேவை என்பதால் அதை மட்டும் பிற்பகலுக்கு வாங்கியிருந்தோம். மிலானிலிருந்து ஃப்ரெச்சாரோசாவில் இரண்டரை மணி நேரத்தில் வெனிஸ். இத்தனையும் ஒரே பயண நாள். 54 யூரோவும் இரண்டு முன்பதிவும். இதையே தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால் நூறை எளிதாகத் தாண்டியிருக்கும். லுகானோவில் உட்கார்ந்தும் இருக்க முடியாது.

வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயில் எடுக்கலாமா என்று யோசித்தோம். நள்ளிரவுக்குமுன் ஏறி, நடுவில் மாறாமல் போனால், புறப்படும் நாள் மட்டுமே பயண நாளாகக் கணக்கு. பாஸில் கூடுதல் நாள் போகாது, ஒரு விடுதி இரவும் மிச்சம். ஆனால் படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. மூவருக்கும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் பெரிதாகத் தெரியவில்லை. பகல் ரயிலையே எடுத்தார்கள். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள 1854-ஆம் ஆண்டு செம்மரிங் மலைத்தடத்தைப் பகலில் பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம்.

கையில் போன், பையில் பாஸ்போர்ட்

பாஸ் இப்போது போனில்தான். ஒவ்வொரு ரயிலையும் ஏறும்முன் செயலியில் 'என் பயணம்' பகுதியில் சேர்த்து, அந்த ரயிலுக்குப் பாஸை இயக்க வேண்டும். அப்போதுதான் பரிசோதகருக்குக் காட்டும் க்யூஆர் கோடு வரும். பாஸ் வாங்கியிருந்தாலும் ரயிலைச் சேர்க்காமல் உட்கார்ந்திருந்தால் சீட்டில்லாப் பயணிதான். பெற்றோர் இருவரின் பாஸையும் அப்பா போனிலேயே ஏற்றினோம். காலையில் தேதியை இயக்குவது மகள் வேலை. தவறான நாளைத் தட்டிவிட்டால் 54 யூரோ போச்சு என்ற பயத்தில் அப்பா அந்தச் செயலியைத் தொடவே இல்லை.

எல்லை இல்லாத ஐரோப்பா என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைக்கக் கூடாது. ஆஸ்திரியா–ஜெர்மனி எல்லையில் 2015 முதலே ஜெர்மன் போலீசார் ரயிலில் ஏறிப் பார்க்கிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியின் எல்லா நிலவழி எல்லைகளிலும் சோதனை உண்டு. சால்ஸ்பர்க் தாண்டியதும் இவர்கள் பெட்டியிலும் வந்தார்கள். விசாப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பயணம் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஜெர்மனிக்குள் பாஸின் இன்னொரு பயன், தாமதம். 2024-இல் அந்த நாட்டின் நெடுந்தொலைவு ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம், ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. இணைப்பு ரயில் தவறினால், பாஸ்காரர் யாரையும் கேட்காமல் அடுத்ததில் ஏறலாம். முன்பதிவு செய்த ரயில் தவறினால்தான் கவுன்ட்டரில் நிற்க வேண்டும். அதனால் கட்டாய முன்பதிவுள்ள ரயிலுக்குமுன் ஜெர்மன் ரயில் எதுவாக இருந்தாலும் இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டே திட்டம் போட்டோம்.

அக்டோபரில் மகளின் பெரியப்பா குடும்பம் வருகிறது. முந்தைய ஐரோப்பியப் பயணத்தின்போது வாங்கிய பல ஆண்டு விசாவை அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். போக நினைப்பது பாரிஸ், பார்சிலோனா, ரோம். மூன்றும் அதிவேக ரயிலில் முன்பதிவு கட்டாயமான நாடுகளின் ஊர்கள். பாஸ் வாங்கித் தரச் சொன்னவர்களுக்கு, தேதியைச் சொல்லுங்கள், சீட்டாகவே எடுத்துத் தருகிறேன் என்று மகள் பதில் அனுப்பியிருக்கிறாள்.